நொண்டிய எஞ்சின்

"உன் எஞ்சின் நொண்டுகிறதடா!" என்றார் பெரியப்பா.

எஞ்சினோ இருந்த இடத்தை விட்டு அசையவேயில்லை. இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைக்கப்பட்டு, அந்தரத்தில் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கொதிகலன்கூட இன்னும் பொருத்தவில்லை. சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவரிடம் இரவல் வாங்கி வந்த காற்றுப் பம்பு ஒன்று, ரப்பர் குழாய் வழியாக அதற்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நிற்கிற எஞ்சின் நொண்டுவதாவது என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் பெரியப்பா விஷயம் வேறு. மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்களுக்கு முப்பத்திரண்டு வருஷம் பிட்டராக இருந்தவர். இப்பொழுது வயது எண்பத்து நான்கு. கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது; காது போகவில்லை.

"கவனித்துக் கேள். நாலு அடியும் ஒன்றுபோல் விழ வேண்டும். உன்னுடையதில் ஒன்று ஓங்கி விழுகிறது; ஒன்று பலவீனமாக விழுகிறது."

கேட்டேன். உண்மைதான். ஒன்றரை வருஷ உழைப்பு அந்த ஒரு சப்தத்தில் வந்து நின்றது.

நேயர்களில் பலர் ரயில் எஞ்சினின் "சக் சக்" ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் ஒரு சுற்றுக்கு எத்தனை "சக்" என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள். சாதாரண எஞ்சினுக்கு இரண்டு ஸிலிண்டர்கள், பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ஸிலிண்டரிலும் பிஸ்டனை நீராவி முன்னிருந்து ஒரு முறையும் பின்னிருந்து ஒரு முறையும் தள்ளுகிறது. வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே பாயும்போதுதான் அந்த ஒலி எழுகிறது. ஆகவே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நாலு முறை. தாளம் தப்பாத ஆதி வாத்தியம் என்று இதைச் சொன்னால் தவறாகாது.

நான் செய்து கொண்டிருப்பது மூன்றரை அங்குல இருப்புப்பாதையில், அதாவது 89 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையில், ஓடக்கூடிய ஒரு சிறிய எஞ்சின். பெரியப்பா பழுது பார்த்த ஒய்.பி. எஞ்சினின் சாயலில், ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு அளவில் அமைந்தது. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கல்ல. நிலக்கரி போட்டுத் தண்ணீர் காய்ச்சி, ஓர் ஆளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். இதில் சக்கரம், சட்டம், பிஸ்டன் எல்லாம் பொறுமையுள்ள எவனும் கடைந்து எடுத்துவிடலாம். பிராணன் போவது வால்வு விஷயத்தில்தான்.

ஸிலிண்டரின் மேல் ஒரு நீராவிப் பெட்டி. அதன் தரையில் முன் கோடிக்கு ஒரு வாய், பின் கோடிக்கு ஒரு வாய், நடுவில் வெளியேறும் வாய். இவற்றின் மேல் கவிழ்த்து வைத்த கிண்ணம் போல ஒரு வால்வு முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. எந்த வாயைத் திறப்பது, எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. பிஸ்டன் கோடியை அடையும் தருணத்தில் அந்தக் கோடியின் வாய் ஒரு கீற்றளவு திறந்திருக்க வேண்டும். இந்தக் கீற்றுக்குத் தொழிலாளர் பாஷையில் "லீட்" என்று பெயர். பிஸ்டன் சிறிது தூரம் போனதும் வாய் மூடிவிட வேண்டும். உள்ளே அகப்பட்ட நீராவி தானே விரிந்து மிச்சத் தூரத்துக்குத் தள்ளும். குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறவர்கள் ஊஞ்சலோடு கூடவே ஓடுவதில்லையல்லவா? ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கையை எடுத்து விடுகிறார்கள். அதே யுக்திதான். இதற்காகவே வால்வின் ஓரம் வாயின் அகலத்தைவிடச் சற்று நீண்டிருக்கும். அந்த உபரி நீளத்துக்கு "லாப்" என்று பெயர்.

புறப்படும்போது பாரம் அதிகம். பிஸ்டன் முக்கால் தூரம் போகிறவரை நீராவி வேண்டும். ஓட்டம் பிடித்த பிறகு கால் பங்குத் தூரம் போதும். நிலக்கரியும் தண்ணீரும் மிச்சம். இதையெல்லாம் டிரைவர் ஒரே கைப்பிடியால் மாற்ற வேண்டும். போதாததற்கு, அதே கைப்பிடியை மறு கோடிக்குத் தள்ளினால் எஞ்சின் பின்னோக்கியும் ஓட வேண்டும்! ஆதியில் வந்த எஞ்சின்களில் வால்வுக் கம்பியைக் கொக்கியிலிருந்து கழற்றி வேறொரு கொக்கியில் மாட்டித்தான் திசையை மாற்றினார்கள். 1842-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்திலிருந்த ராபர்ட் ஸ்டீபன்ஸன் கம்பெனியில் இதற்கு ஒரு வழி பிறந்தது. அதைக் கண்டவர்கள் அங்கே வேலை பார்த்த வில்லியம்ஸ், ஹோவ் என்ற இரண்டு பேர். உலகம் அதை "ஸ்டீபன்ஸன் லிங்க்" என்று முதலாளியின் பெயரால் அழைக்கிறது. உழைத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் ஒருவன்!

என் எஞ்சினில் இருப்பது அதுவல்ல. அதற்கு இரண்டு வருஷம் பின்னால் வந்த வேறொரு அமைப்பு. அதன் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை.

பெல்ஜியம் தேசத்தில் மெகலென் என்று ஓர் ஊர். 1820-ல் அங்கே எஜீட் வால்ஷார்ட்ஸ் பிறந்தார். அவருக்குப் பதினைந்து வயதாகும்போது, 1835-ல், பிரஸ்ஸல்ஸிலிருந்து மெகலெனுக்கு ரயில் வந்தது. பையனின் மனத்தை அந்தப் புகைவண்டி அடியோடு கவர்ந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து அவ்வூரில் நடந்த ஒரு கண்காட்சியில், அவன் தன் கையால் செய்த யந்திர மாதிரிகள் வைக்கப்பட்டிருந்தன. பார்க்க வந்த மந்திரி ஒருவர் அவனுடைய ரயில் எஞ்சின் மாதிரியைக் கண்டு வியந்து, லியேஜ் சர்வகலாசாலையில் படிக்க ஏற்பாடு செய்தார். ஆனால் கடுமையான நோய் வந்து படிப்புக் குறைப்பட்டது, மீண்டும் தொடரவேயில்லை. பட்டமில்லாத அந்த இளைஞர் 1842-ல் அரசாங்க ரயில்வே பட்டறையில் சேர்ந்தார். 1844-ல் பிரஸ்ஸல்ஸ் பட்டறையின் தலைமை மேஸ்திரி ஆனார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அந்த வருஷமே தாம் கண்டுபிடித்த வால்வு அமைப்புக்குப் பேட்டண்டு பெற்றார். அவருக்காக விண்ணப்பம் போட்டவர் பிஷர் என்ற ரயில்வே எஞ்சினீயர். 1848-ல் ஒரு எஞ்சினில் அதைப் பொருத்திச் சோதித்தார்கள். இத்தனைக்கும் பிறகு அவருக்கு என்ன பதவி உயர்வு கிடைத்தது என்று கேட்கிறீர்களா? ஒன்றுமில்லை! கடைசி வரையில் தலைமை மேஸ்திரியாகவே இருந்தார். 1901-ல் காலமானார். ஜெர்மனியில் ஹாய்ஸிங்கர் என்பவர் சில வருஷம் பின்னால் தனியாக இதே போன்ற அமைப்பைச் செய்ததால், அந்நாட்டில் இதற்கு அவர் பெயரே நிலைத்தது.

பிற்காலத்தில் உலகத்தில் ஓடிய நீராவி எஞ்சின்களில் மிகப் பெரும்பாலானவை இந்த மேஸ்திரியின் நெம்புகோல்களைத்தான் பூண்டிருந்தன. 1947-ல் அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்த டபிள்யூ.பி. எஞ்சின்கள், சுதந்திர பாரதத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலையிலிருந்து 1950-ல் வெளிவந்த முதல் எஞ்சினாகிய "தேசபந்து", ஜாம்ஷெட்பூரில் செய்த ஒய்.பி. எஞ்சின்கள், எல்லாவற்றிலும் இதுவே. 1990-கள் வரையில் நமது ஸ்டேஷன்களில் நின்று, சக்கரங்களுக்கு வெளியே பளபளவென்று ஆடும் இரும்புக் கம்பிகளை வேடிக்கை பார்த்த குழந்தைகள் அத்தனை பேரும் வால்ஷார்ட்ஸின் மூளை வேலை செய்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது என்ன யுக்தி? இரண்டு அசைவுகளைக் கூட்டி ஒன்றாக்குவது. அவ்வளவுதான்.

முதல் அசைவு சக்கரத்திலிருந்து வருகிறது. பெரிய கிராங்க் ஆணியின் மேல் "ரிட்டர்ன் கிராங்க்" என்ற சிறு கை ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அது ஒரு கம்பியால் "லிங்க்" என்ற வளைந்த சட்டத்தை ஆட்டுகிறது. இந்தச் சட்டம் நடுவில் அச்சுக் கோத்த ஏற்றப் பலகை போன்றது. நிமிர்த்தி வைத்த ஏற்றப் பலகை. அதன் நடுவில் நெடுக ஒரு பிளவு. பிளவுக்குள் வெண்கலக் கட்டை ஒன்று வழுக்குகிறது. கட்டையோடு இணைந்த நீண்ட கம்பி வால்வை நோக்கிப் போகிறது. ஏற்றப் பலகையின் ஒரு கோடியில் உட்கார்ந்தவன் மேலே போகும்போது மறு கோடிக்காரன் கீழே வருகிறான். நடுவில் உட்கார்ந்தவன் அசைவதேயில்லை. அதே போல், கட்டையைக் கீழ்க் கோடியில் வைத்தால் எஞ்சின் ஒரு திசையில் ஓடும். மேல் கோடிக்குத் தூக்கினால் எதிர்த் திசையில் ஓடும். நடுவை நெருங்க நெருங்க அசைவு குறையும். நீராவிச் செலவும் குறையும்.

இரண்டாவது அசைவு பிஸ்டனிலிருந்தே வருகிறது. நம் கிராமத்து ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட மரம், ஒரு கோடிக்கு அருகில் தாங்கல். நீண்ட பக்கம் ஆளுயரம் இறங்கினால் குட்டைப் பக்கம் ஒரு சாண்தான் எழும்பும். அப்படி ஒரு நெம்புகோலின் கீழ்க் கோடியைப் பிஸ்டனோடு பிணைத்து, மேல் கோடியை வால்வுக் கம்பியோடு பிணைத்துவிட்டார் வால்ஷார்ட்ஸ். பிஸ்டனின் பெரிய ஓட்டத்தை இது சிறிதாக்கி, லாப்புக்கும் லீட்டுக்கும் தேவையான அளவை மட்டும் வால்வுக்குக் கொடுக்கிறது. முதலாவது கம்பி வந்து சேருமிடந்தான் இந்த ஏற்றத்துக்குத் தாங்கல். ஆகவே இரண்டு அசைவும் அங்கே தாமாகவே கூடிவிடுகின்றன. காகிதமும் பென்ஸிலும் இல்லாமல் இரும்பு கூட்டல் கணக்குப் போடுகிறது!

இனி என் பட்டறைக்கு வருவோம். பட்டறை என்பது மரியாதைக்காகச் சொல்வது. பின்கட்டில் மாவு அரைக்கும் யந்திரத்துக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் நடுவே ஒரு சிறிய லேத்தும் ஒரு மேஜையும் போட்டிருக்கிறேன். வீட்டிலுள்ளோரின் அபிப்பிராயத்தை இங்கே பிரசுரிக்க இயலாது.

லண்டனில் 1898-ல் தொடங்கிய "மாடல் எஞ்சினீயர்" பத்திரிகையில், எல்.பி.எஸ்.ஸி. என்ற புனைபெயரில் ஒருவர் 1920-களிலிருந்து பல ஆண்டுகள் எழுதி வந்தார். தாம் வேலை பார்த்த ரயில்வேயின் முதலெழுத்துக்களையே பெயராக வைத்துக்கொண்டவர். இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் கரி எஞ்சின்கூட முழு மனிதனை இழுக்கும் என்று அக்காலத்திலேயே செய்து காட்டியவர். சமையலறை மேஜையில் வேலை செய்கிறவனுக்கும் புரியும்படி எழுதுவார். என் போன்றவர்களுக்கு அவரே குரு.

என் எஞ்சினில் பிஸ்டன் 48 மி.மீ. ஓடுகிறது. பாதி ஓட்டம் 24. லாப் 2.9 மி.மீ., லீட் 0.1 மி.மீ.; கூட்டினால் 3. ஆகவே ஏற்றத்தின் நீண்ட கை குட்டைக் கையைப்போல் எட்டு மடங்கு இருக்க வேண்டும். 48 மி.மீ.க்கு 6 மி.மீ. என்று வைத்தேன். கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 6 மி.மீ. இடைவெளியில் துளைகள் போடும்போது 0.2 மி.மீ. விலகிவிட்டால் என்ன ஆகும்? 3 என்பது 3.1 ஆகும். லாப் மாறாது, ஆகவே லீட் 0.1-லிருந்து 0.2 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத பிசகு, பலனோ இரட்டிப்பு!

மூட்டுக்களின் தளர்ச்சி இன்னொரு சத்துரு. ரிட்டர்ன் கிராங்கிலிருந்து வால்வு வரையில் பக்கத்துக்கு எட்டு மூட்டுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தலைமயிர் கனத்துக்குத் தளர்ச்சி இருந்தால் மொத்தத்தில் அரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். பெரிய எஞ்சினில் அரை மில்லிமீட்டரை யார் லட்சியம் செய்கிறார்கள்? அங்கே லீட்டே சில மில்லிமீட்டர் இருக்கும். சின்ன எஞ்சினிலோ தளர்ச்சி லீட்டை முழுதும் விழுங்கிவிட்டு ஏப்பம் விடும். எஞ்சினின் ஒவ்வோர் அங்கத்தையும் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் படம் போட்டுவிடலாம். கைத் தவறு அப்படிக் குறைவதில்லை. ஆகவே எல்லாத் துளைகளுக்கும் வெண்கலப் புஷ் போட்டு, ரீமரால் வழித்து, உருக்கு ஆணிகளைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்தினேன்.

லிங்கின் வளைந்த பிளவு என்னை அழவைத்தது. அதன் வளைவு கண்டபடி இருக்கக்கூடாது; வால்வுக்குப் போகும் கம்பியின் நீளமே அந்த வட்டத்தின் ஆரமாக இருக்க வேண்டும். என் எஞ்சினில் 110 மி.மீ. ஆகவே 110 மி.மீ. நீளமுள்ள ஒரு கையின் நுனியில் உருக்குத் தகட்டைப் பிணைத்து, மறு நுனியில் ஆணி கோத்து, காம்பஸைச் சுழற்றுவது போல் மெல்ல மெல்லச் சுழற்றி, லேத்தில் சுற்றும் வெட்டியின் எதிரே ஊட்டினேன். முதல் தகடு வெட்டியைக் கடித்துக்கொண்டு பாழாயிற்று. இரண்டாவதில் பொறுமை வந்தது. பிறகு மெல்லிய அரத்தால் ராவி, வெண்கலக் கட்டை தன் கனத்திலேயே வழுக்கி இறங்கும் வரையில் தேய்த்தேன். அதற்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

இவ்வளவு செய்து முடித்துக் காற்றைத் திறந்தபோதுதான் பெரியப்பா அந்தத் தீர்ப்பைச் சொன்னார்.

"பின்பக்கம் ஓட்டிக் காட்டு" என்றார். கைப்பிடியைத் தள்ளினேன். எஞ்சின் பின்னோக்கிச் சுழன்றது. இப்போதும் நொண்டல் இருந்தது. ஆனால் முன்பு ஓங்கி விழுந்த அடி பலவீனமாயிற்று. பலவீனமாயிருந்தது ஓங்கி விழுந்தது.

பெரியப்பாவின் முகத்தில் சிரிப்பு அரும்பியது. "ஆளைப் பிடித்துவிட்டேன். காற்றை நிறுத்து. இடது பிஸ்டனை முன் கோடியில் கொண்டுபோய் நிறுத்து. என் விரலை அந்த வால்வுக் கம்பியின் நுனியில் வை."

வைத்தேன். சுட்டு விரலின் நுனி, பென்ஸில் கனங்கூட இல்லாத அந்தக் கம்பியின் மேல் பதிந்தது.

"இப்போது ரிவர்ஸரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் மெதுவாகத் தள்ளு."

தள்ளினேன்.

"அசைகிறது. பின் கோடிக்குக் கொண்டு போ. ம், தள்ளு. மறுபடியும் அசைகிறது; அதே பக்கந்தான். வலது பக்கம் வா."

வலது பக்கத்துக் கம்பி கல்லுப்பிள்ளையார்போல் இருந்தது.

இதன் தாத்பரியம் இதுதான். பிஸ்டன் கோடியில் இருக்கும் தருணத்தில் லிங்க் சரியாக நடு நிலையில் நிற்க வேண்டும். அப்படி நின்றால், கட்டையை மேலும் கீழும் எவ்வளவு ஓட்டினாலும் வால்வு அசையாது. ஏனெனில் பிளவின் வளைவு கம்பியின் நீளத்துக்கே வெட்டப்பட்டிருக்கிறது. அசைந்தால் லிங்க் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கோடியிலும் எதிரெதிர்ப் பக்கமாக அசைந்தால் ரிட்டர்ன் கிராங்கின் கோணம் தவறு. ஒரே பக்கமாக அசைந்தால் அதிலிருந்து லிங்குக்குப் போகும் கம்பியின் நீளம் தவறு.

"பெரியப்பா, படத்தில் போட்டபடி 131 மி.மீ. அச்சாக வெட்டியிருக்கிறேனே!"

"படத்தில் போட்டபடி உன் மற்றச் சாமான்கள் இருக்கின்றனவா? அந்தக் கம்பியைக் கடைசியில்தானடா வெட்ட வேண்டும். எஞ்சினைக் கேட்டு வெட்ட வேண்டும்."

கம்பியைக் கழற்றினேன். லிங்கை நடு நிலையில் இறுக்கிவிட்டு, அதன் காலிலுள்ள துளைக்கும் ரிட்டர்ன் கிராங்க் ஆணிக்கும் உள்ள தூரத்தைக் கவராயத்தால் இரண்டு கோடிகளிலும் அளந்தேன். இரண்டு முறையும் 131.4. கோணம் சரி; கம்பிதான் 0.4 மி.மீ. குட்டை. வலது பக்கம் 131 என்பது தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது. என் திறமையல்ல, அதிருஷ்டம்.

வேறு கம்பி செய்கிறேன் என்று உருக்குத் துண்டைத் தேடினேன். பெரியப்பா கையமர்த்தினார். அவர்களுடைய ஷெட்டில் இப்படி வந்தால் கம்பியைக் கொல்லுப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார்களாம். நடுவில் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து, வேண்டிய மட்டும் நீட்டித் தருவார்களாம். "இது ஈர்க்குச்சி, காய்ச்சக்கூட வேண்டாம். பட்டடையில் வைத்து நடுவில் தட்டு. இந்தப் பக்கம் நாலு தட்டினால் அந்தப் பக்கமும் நாலு. கோடித் துளைகளுக்கு அருகில் போகாதே."

தட்டினேன், அளந்தேன். மறுபடி தட்டினேன், அளந்தேன். பத்து நிமிஷத்தில் 131.4 வந்தது. அரத்தால் தழும்பை நீக்கிப் பொருத்தினேன். பெரியப்பாவின் விரல் மீண்டும் வால்வுக் கம்பியில் பதிந்தது. இரண்டு கோடியிலும் அசைவில்லை. காற்றைத் திறந்தேன். நாலு அடியும் சமமாக விழுந்தன. அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொதிகலன் முடிய மேலும் ஏழு மாதம் பிடித்தது. செம்புத் தகட்டில் செய்து, ஓட்டும் அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்குத் தண்ணீர் ஏற்றிச் சோதித்த பிறகே அதில் நெருப்பு மூட்டினேன். போன தை மாதத்தில் மொட்டை மாடியில் பன்னிரண்டு மீட்டர் பாதை போட்டு, எஞ்சினின் பின்னால் ஒரு பலகை வண்டியைக் கோத்தேன். பெரியப்பாவை நாற்காலியில் பாதை ஓரமாக உட்கார வைத்தோம். என் தங்கை மகன் பலகையில் ஏறி உட்கார்ந்தான். ரெகுலேட்டரைத் திறந்தேன். முதலில் ஸிலிண்டரில் தேங்கிய தண்ணீர் பிசுபிசுத்தது. பிறகு எஞ்சின் நகர்ந்தது. கோடி வரையில் போய் நின்றது. ரிவர்ஸரைத் தள்ளினதும் பின்னோக்கித் திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று; மறுபடியும் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பெரியப்பா மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மோஷன் சரியாயிருக்கிறது. அந்தத் தண்ணீர்ப் பம்பு எடுத்து அடிக்கவில்லையே, என்ன போட்டிருக்கிறாய் அதில்?" என்றார்.